கார்பரேட்டர் என்ன பாவம் செய்தது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மரக்காணம் வரை போய்விட்டுத் திரும்பி வந்த என் பேரன் காலாப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கீழே விழுந்தான். முழங்கை தேய்ந்தது, பேண்ட் கிழிந்தது, அவ்வளவுதான். பின்னால் லாரி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நாய் குறுக்கே வரவில்லை. ரோட்டில் மணல் இல்லை. எழுபதில் போய்க்கொண்டிருந்த என்னுடைய 1980 மாடல் யெஸ்டியின் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. டூ ஸ்ட்ரோக் வண்டி ஓட்டும்போது இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். கிளட்ச்சைப் பிடித்துவிட்டான். அரை நொடி தாமதம். அந்த அரை நொடிக்குத்தான் முழங்கை.

அந்த பிஸ்டன் அன்றைக்குப் பிடிக்கவில்லை, மூன்று வாரங்களுக்கு முன்பே பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அதற்கு ஒரு மெக்கானிக் காரணம். அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய நானும் காரணம்.

நடந்தது இதுதான். வண்டி இரண்டு மாதமாகச் சரியில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. சூடான பிறகும் புகை நிற்காது. இன்னொரு தொல்லை, ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் சத்தம் இறங்காமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று பிறகுதான் இறங்கும். சிக்னலில் நிற்கும்போது தானாக ஏறும்.

எனக்கு முதுகு வலி, குனிந்து வேலை பார்க்க முடியாது. அதனால் பேரன் வண்டியை ஒரு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனான். நானும் கூடப் போனேன். மெக்கானிக் தம்பி நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். ஒரு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு, "கார்பரேட்டர் போச்சு சார். ஜெட்டு மாத்திடலாம்" என்றான். மாற்றினான். ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி சத்தத்தை இறக்கினான். புகைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "ஆயிலு அதிகமா ஊத்துறீங்க சார். இப்ப வர்ற ஆயிலெல்லாம் சூப்பரு. பாதி ஊத்துனாப் போதும்" என்றான்.

1986-ல் இந்த வண்டியை செகண்ட் ஹேண்டாக வாங்கியதிலிருந்து லிட்டருக்கு 40 மில்லி ஊற்றி வருகிறேன். இருபத்தைந்துக்கு ஒன்று. அதை 20 ஆக்கச் சொன்னான். நான், நாற்பது வருஷம் இதே வண்டியை ஓட்டியவன், "சரிப்பா" என்றேன். வயசாகிவிட்டால் நமக்குத் தெரிந்ததையே சந்தேகப்படுகிற ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. அதற்கான தண்டனையைப் பையன் முழங்கை அனுபவித்தது.

இனி சொல்லப்போவது அந்த ஒரு தம்பியைப் பற்றி மட்டும் இல்லை. பழைய ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிற நண்பர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் எல்லோர் வண்டிக்கும் இதே வைத்தியம்தான் நடக்கிறது. வண்டி இழுக்கவில்லையா, கார்பரேட்டர். ஸ்டார்ட் ஆகவில்லையா, கார்பரேட்டர். நான் வேலை பார்த்த ஆபீசில் எந்த ஃபைல் காணாமல் போனாலும் முதலில் பியூனைத்தான் கூப்பிட்டுத் திட்டுவார்கள். கடைசியில் அது சூப்பரின்டெண்டெண்ட் மேஜை டிராயரில் இருக்கும். கார்பரேட்டர்தான் இன்ஜினின் பியூன். வெளியே நிற்கிறது, கைக்கு எட்டுகிறது, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் வந்துவிடுகிறது. அதனால்தான் குற்றவாளி.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்த கலவை நேராக பிஸ்டன் தலைக்குப் போவதில்லை. முதலில் கீழே கிராங்க் கேஸுக்குள் போகிறது. பிஸ்டன் இறங்கும்போது அங்கே அது அமுங்கி, பக்கத்து வழிகள் வழியாக மேலே ஏறுகிறது. அதாவது கிராங்க் கேஸ் ஒரு பம்ப். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பின் வாஷர் காய்ந்து போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே அந்த வாஷர் கிராங்க் ஷாஃப்டின் இரண்டு பக்கமும் இருக்கிற ரப்பர் ஆயில் சீல்.

யெஸ்டியில் வலது பக்கம் டைனமோ. அந்தப் பக்க சீல் காய்ந்து வெடித்தால் வெளிக் காற்றை உள்ளே இழுக்கும். கார்பரேட்டர் அளந்து கொடுத்த கலவையில் கணக்கில் வராத காற்று சேர்ந்துவிடும். பெட்ரோல் குறைந்த கலவை. அதனால்தான் சத்தம் இறங்காமல் அந்தரத்தில் நிற்கிறது, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இடது பக்கம் கிளட்ச்சும் பிரைமரி செயினும், கியர் பாக்ஸுக்கும் அதற்கும் ஒரே ஆயில். அந்தப் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். வெள்ளைப் புகை அதுதான். நாம் பெட்ரோலில் கலக்கிற ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

என் வண்டியில் இரண்டு சீலும் போயிருந்தன. கண்டுபிடிக்க என்ன செய்திருக்க வேண்டும்? கியர் ஆயில் அளவைப் பார்த்திருந்தால் போதும். தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆனால் வாரா வாரம் அளவு குறைகிறது. ரொக்கப் புத்தகத்தில் செலவு எழுதாமல் பெட்டியில் பணம் குறைந்தால் எந்தக் குமாஸ்தாவும் கேட்பான், பணம் எங்கே போனது என்று. நான் கேட்கவில்லை. அந்தத் தம்பியும் கேட்கவில்லை. காற்றுக் கசிவுக்கு இன்னும் சுலபமான சோதனை உண்டு. சூடான இன்ஜினில் சோக்கை இழுத்துப் பாருங்கள். நல்ல இன்ஜின் மூச்சுத் திணறும். சோக் போட்ட பிறகு சரியாக ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று அதிகம். ஐந்து நிமிஷ வேலை. செலவு இல்லை.

இதைச் செய்யாமல் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகியது எப்படிப்பட்ட வைத்தியம் தெரியுமா? காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை ஃப்ரிட்ஜில் வைத்துக் காட்டுவது. சத்தம் இறங்கியது, கசிவு அப்படியே இருந்தது. அதற்கு மேல் ஆயிலையும் பாதியாக்கினோம். பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடு பேரிங்குக்கும் அந்த ஆயிலைத் தவிர வேறு சோறு கிடையாது.

ஆயில் விஷயத்தில் ஒரு பெரிய மூடநம்பிக்கையை இங்கே உடைத்துவிட வேண்டும். "ஆயிலைக் குறைத்தால் கலவை லேசாகும், மைலேஜ் வரும்" என்று வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தலைகீழ். ஜெட் வழியாகப் போவது ஆயில் கலந்த பெட்ரோல். அதில் ஆயில் அதிகமானால் பெட்ரோலின் பங்கு துளி குறையும். ஆயில் குறைந்தால் பெட்ரோலின் பங்கு துளி கூடும். ஆகவே ஆயிலைக் குறைப்பதால் மைலேஜ் மிச்சமாகாது. பிஸ்டன்தான் மிச்சமாகாமல் போகும். புதிய ஆயில்கள் நல்லவை, மறுக்கவில்லை. புகை குறைவு, கரி குறைவு. ஆனால் அந்த நல்ல ஆயிலையே 40 மில்லி ஊற்றினால் என்ன கெட்டுப்போகிறது? ஒரு ஸ்பார்க் பிளக் சீக்கிரம் அழுக்காகும். துடைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்பார்க் பிளக் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பிரெஞ்சில் அதற்கு 'பூழி' என்று பெயர். மெழுகுவர்த்திக்கும் அதே சொல்தான். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டில் மொபிலெத் இருந்தது. வண்டி நின்றுபோனால் அவர் முதலில் பூழியைக் கழற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெயிலில் பிடித்து ஒரு நிமிஷம் பார்ப்பார். பிறகுதான் அடுத்த கருவியைக் கையில் எடுப்பார். வெள்ளையாகக் காய்ந்து இருந்தால் ஒரு வழி, கறுத்து ஈரமாக இருந்தால் ஒரு வழி, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கோளாறு வேறு எங்கோ. நானும் என் நண்பர்களும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். இன்றைக்கு ஒர்க்ஷாப்பில் பிளக்கைக் கழற்றினால் பார்ப்பதே இல்லை. புதுசு போட்டுவிட்டு பழசைத் தூக்கி எறிகிறார்கள். சாட்சியைத் துரத்திவிட்டு வழக்கு நடத்துகிறார்கள்.

பிரவே வகுப்பில் எங்கள் மிஸ்யே தெக்கார்த்தைப் பற்றி நீளமாகப் பேசுவார். 1637-ல் வந்த புத்தகம், 'திஸ்கூர் தெ லா மெத்தோது'. சந்தேகத்துக்கு இடமில்லாததை மட்டும் ஒத்துக்கொள், சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி, சுலபமானதில் ஆரம்பித்துக் கடினமானதுக்குப் போ, எதையும் விட்டுவிடவில்லை என்று ஆகும்வரை கணக்கெடு. எங்களுக்கு அப்போது தூக்கம்தான் வரும். பிற்காலத்தில் எனக்கு அது பயன்பட்டது இரண்டே இடத்தில். ஆபீஸ் ஃபைலில் ஒன்று, இந்த வண்டியில் ஒன்று.

1991-ல் எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல். சனிக்கிழமை சாயந்திரம் புறப்பட்டு வண்டியிலேயே வீட்டுக்கு வருவேன். ஒரு தடவை சீர்காழி தாண்டியதிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை வண்டி தானாக நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் கழித்து உதைத்தால் ஓடும். வழியில் ஒருவர் கார்பரேட்டரைப் பிரித்துப் பூட்டினார், காசு வாங்கினார். சிதம்பரம் வருவதற்குள் மறுபடியும் நின்றது. டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தேன். பெட்ரோல் இருக்கிறது, ஸ்பார்க் இருக்கிறது, கொஞ்ச நேரம் நின்றால் சரியாகிறது. நிற்கும்போது எது மாறுகிறது? டாங்கி மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியில் இருக்கிற சின்ன ஓட்டை மெழுகுப் பாலிஷில் அடைத்திருந்தது. காற்று போகாததால் பெட்ரோல் இறங்கவில்லை. ஒரு குண்டூசியால் முடிந்தது. முந்தின நாள் டாங்கிக்குப் பாலிஷ் போட்டவன் வேறு யாருமில்லை, நான்தான்.

சரி, மெக்கானிக் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். ஆர்.எக்ஸ். 100 நின்றதும் 1996, மைசூரில் ஐடியல் ஜாவா மூடியதும் 1996. அவன் தொழில் கற்றது முழுக்க ஃபோர் ஸ்ட்ரோக்கில். அங்கே கிராங்க் கேஸ் என்பது வெறும் ஆயில் தொட்டி. புகை வந்தால் ரிங், வால்வு. அவன் அதே கணக்கை இங்கே போட்டான். மேலும் இடது சீலை மாற்ற கிளட்ச், செயின் எல்லாம் கழற்ற வேண்டும். ஒரு நாள் வேலை. "ஒரு ரப்பர் வளையத்துக்கு இவ்வளவு கூலியா" என்று நம்மில் எத்தனை பேர் சண்டை போட்டிருக்கிறோம்? ஜெட் மாற்றினால் பத்து நிமிஷத்தில் பொருள் கண்ணுக்குத் தெரியும், காசு கேட்கவும் சுலபம். நாம் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், யோசனைக்குக் கொடுப்பதில்லை. அதனால் அவர்களும் யோசிப்பதில்லை.

ஆனால் பழைய வண்டியைப் 'புதுசு ஆக்கி' லட்சக்கணக்கில் செலவழித்துக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை வரிசையாக நிறுத்துகிறார்களே, அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. டாங்கியில் முகம் பார்க்கலாம், க்ரோம் கண்ணைக் கூசும். இரண்டு சைலன்சரும் வெள்ளி மாதிரி இருக்கும், உள்ளே இருக்கிற குழாயை உருவிக் கரியைச் சுரண்டியிருக்க மாட்டார்கள். உள்ளே சீல் எப்போது போட்டது என்று கேட்டால் முழிப்பார்கள். ஓடாமல் கொட்டகையில் கிடந்த வண்டியில் சீல் ஓடின வண்டியைவிடச் சீக்கிரம் விறைத்துப்போகும். அதை அப்படியே வைத்து, மேலே வர்ணம் அடித்து, இருபது வயசுப் பையன் கையில் கொடுத்து ஈ.சி.ஆரில் அனுப்புகிறார்கள். ஒரு படம் எடுத்துப் போட்டால் நூறு பேர் 'லைக்' போடுகிறார்கள். பிஸ்டன் பிடித்தால் அந்த நூறு பேரும் பின்னால் வரும் லாரியை நிறுத்தமாட்டார்கள்.

இப்போது புதுசாக ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. எது நடந்தாலும் "எத்தனால் சார்". 20 சதவீத எத்தனால் பழைய வண்டிக்கு ஒத்துவராது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கிறது, ஈரத்தை இழுக்கிறது, கலவையையும் கொஞ்சம் பெட்ரோல் குறைந்த பக்கம் தள்ளுகிறது. அப்படியானால் காற்றுக் கசிவை இன்னும் கவனமாகத் தேட வேண்டும், அல்லவா? தேடாமல் இருப்பதற்கு அதையே காரணமாகச் சொன்னால் எப்படி?

விழுந்த பிறகு வண்டி அதே ஒர்க்ஷாப்புக்குத்தான் போனது. சிலிண்டரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் கோடு கோடாகக் கீறியிருந்தது. "ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம் சார்" என்றான். போடத்தான் வேண்டும். ஆனால் சீலைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. அதே கசிவோடு புது பிஸ்டன் போட்டால் அதற்கும் இதே கதி, இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் புது பிஸ்டன் இன்னும் இறுக்கமாக இருக்கும். சிலிண்டரையும் பிஸ்டனையும் லேத்துக்கு அனுப்பிவிட்டு மற்ற எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

இரண்டு சீலையும் பேரன் மாற்றினான். நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய சீலை விரலால் மடக்கினால் அப்பளம் மாதிரி உடைந்தது. ரீபோர் ஆகி வந்த சிலிண்டரைப் பூட்டியதும் சோதனை. இதற்குப் பெரிய கருவி வேண்டாம், வீட்டில் பிரஷர் பார்க்கிற முள் வைத்த பழைய கருவி இருந்தால் போதும். பேட்டரி போடுகிற புது மாடல் உதவாது. எக்ஸாஸ்ட் வழி இரண்டையும் கார்பரேட்டர் வழியையும் ட்யூப் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்தோம். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தோம், அப்போதுதான் மேலும் கீழும் ஒரே அறையாகும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு அதில் ஒரு குழாயை ஒட்டி பிளக் இடத்தில் திருகி, அதோடு பிரஷர் கருவியின் பந்தை இணைத்தோம். முள் 300-க்கு வரும்வரை அமுக்கச் சொன்னேன். அது ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. அதற்குமேல் ஏற்றக் கூடாது, சீல் பிதுங்கிவிடும்.

முதல் தடவை முள் ஒரு நிமிஷத்தில் 200-க்கு வந்துவிட்டது. பேரன் முகம் வாடிப்போனது. "சீல் புதுசுதானே தாத்தா?" என்றான். சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு ஜாயிண்டாகத் தடவினோம். டைனமோ பக்கம் ஒன்றுமில்லை. கியர் ஆயில் ஊற்றுகிற வாயில் சோப்புப் படலம் பிடித்துப் பார்த்தோம், அது அசையவில்லை; ஆக இடது சீலும் சரி. கார்பரேட்டர் மாட்டுகிற இடத்தில் சிலிண்டரின் அடியில் குமிழ் குமிழாக வந்தது. கேஸ்கெட். அந்த ஒர்க்ஷாப்பில் ஜெட் மாற்றியபோது பழைய கேஸ்கெட்டையே மடித்து வைத்திருந்தார்கள். ஆக மூன்று வாரமாக அந்தப் பக்கமும் காற்று போயிருக்கிறது. ஏதோ ஒரு அட்டையை வெட்டிப் புது கேஸ்கெட் செய்தான். ஆறு நிமிஷம் வைத்தோம். முள் 290-க்குக் கீழே வரவில்லை.

வண்டி இப்போது ரன்னிங்-இன்னில் இருக்கிறது. முதல் ஐநூறு கிலோமீட்டர் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், லிட்டருக்கு 50 மில்லி. ஐட்லிங் ஸ்க்ரூவைத் தொட வேண்டியிருக்கவில்லை. பழைய ஜெட்டையே திரும்பப் போட்டாகிவிட்டது.

பிரஷர் கருவியை மட்டும் வீட்டில் ஏற்றுக்கொள்ளவில்லை. அன்று சாயந்திரம் எனக்குப் பார்த்தபோது 160 காட்டியது. "இது உங்க பிரஷரா, வண்டியோடதா?" என்று கேட்டுவிட்டு, கிரீஸ் நாற்றம் அடிக்கிறதென்று அதைக் குசினி ஜன்னல் வழியாக வெளியே வைத்துவிட்டாள். புதுசு வாங்கப் பேரனை அனுப்பியிருக்கிறேன், யெஸ்டியில்தான் போயிருக்கிறான்.